காபன் நனோகுழாய்களில் ஒளியருட்டல்: ஒரு கருத்தின் வரலாறு

1990ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வழங்கலினின்றும் துண்டிக்கப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயும் அரும்பொருளாகிய அந்நாளிலே, ஜாம் போத்தலினுள் சிறிது பஞ்சையிட்டுச் சில துளி எண்ணெய் வார்த்துச் செய்த சிறு விளக்கின் ஒளியிலேயே மாணவர் பாடம் படித்தனர். அவ்விளக்கின் கரி படிந்த விரல்களால் அவர்கள் பௌதிகவியல் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த 1991ஆம் ஆண்டிலே, யப்பானின் சுக்குபா நகரில் சுமியோ இஜிமா என்னும் அறிஞர் வேறொரு கரியை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால் ஆராய்ந்துகொண்டிருந்தார். இரு காரீயக் கோல்களுக்கிடையே மின்வில்லை எழுப்பியபோது எதிர்மின்வாயிற் படிந்த கரி அது. அதனுள் ஊசிபோன்ற நுண்குழாய்களை அவர் கண்டார். காபன் நனோகுழாய் என இன்று வழங்கும் பொருள் உலக ஆய்வாளர் கவனத்துக்கு வந்த வரலாறு இதுவாகும்.

எங்கள் விளக்கின் கரி எரிந்து ஒளி தந்தது. இக்குழாய்க் கரியோ எரியாமலே ஒளியை உண்டு, எரியாமலே ஒளியை உமிழ வல்லது. அவ்வாறு ஒளியை உண்ட கணத்தில் குழாயினகத்தே நிகழ்வது யாது? இவ்வினாவுக்கு அறிஞருட் பெரும்பாலோர் முதலிற் கூறிய விடை பத்தாண்டுகளுக்கு மேலாக நிலைபெற்றிருந்து, 2005ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. அவ்விடை தந்த எண்கள் பெரிதும் பொருந்தியிருந்தன. எண்களைத் தந்த கருத்தே பொருந்தாதிருந்தது. இவ்விந்தை நேர்ந்தவாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அருட்டல் என்பது யாது என நோக்குவாம். ஒரு பொருள் ஒளியை உறிஞ்சும்போது அதன் இலத்திரனொன்று தாழ்ந்த சத்திநிலையினின்று உயர்ந்த சத்திநிலைக்கு ஏறுகின்றது. இலத்திரன் நீங்கிய இடத்திலே ஒரு வெறுமை தோன்றும். அவ்வெறுமை நேரேற்றமுடைய துணிக்கைபோல ஒழுகுதலின் அதனைத் துளை என்பர். இலத்திரனும் துளையும் பிறந்த பின்னர் அவற்றின் கதி யாது? இரு விடைகள் கூறலாம். அவை ஒன்றையொன்று பொருட்படுத்தாது தத்தம் வழியிற் செல்லும் என்பது ஒன்று. எதிரேற்றங்களாகலின் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இணையாகவே உலவும் என்பது மற்றொன்று.

இவற்றுள் இரண்டாவது விடை நனோகுழாய்களுக்கு நெடுங்காலம் முற்பட்டது. சோவியத் அறிஞர் யாக்கோவ் பிரெங்கல் 1931இல் வெளியிட்ட ஆய்வுகளில், படிகத்தினுள் அருட்டப்பட்ட நிலை ஓர் அணுவினின்று அடுத்த அணுவுக்குப் பெயர்ந்து செல்லலாம் எனக் காட்டினார். அது சத்தியைச் சுமக்கும், மின்னேற்றத்தைச் சுமப்பதில்லை. இவ்வருட்டலே எக்சித்தன் எனப்படுவது. புரோத்தன், போட்டன் என்பன போல இச்சொல்லும் ஈண்டு ஒலிபெயர்த்தே ஆளப்படுகின்றது. 1937இல் கிரெகரி வானியர் இதன் மற்றொரு வடிவத்தை விளக்கினார். இலத்திரனும் துளையும் பல அணுக்களின் இடைவெளியில் விலகிநின்றும், ஐதரசன் அணுவின் இலத்திரனும் புரோத்தனும் போலப் பிணைந்திருக்கலாம் என்பது அவர் கண்ட முடிபு. லெனின்கிராட்டைச் சேர்ந்த எவ்கெனி குரோசு 1952இல் குப்பிரசு ஒட்சைட்டுப் படிகத்தை மிகக் குளிர்வித்து ஆராய்ந்து, ஐதரசனின் நிறமாலையை ஒத்த கோட்டு வரிசையை அதனிற் கண்டார். கொள்கை மெய்யாயிற்று.

ஆயின் சாதாரண குறைகடத்திகளில் இப்பிணைப்பு மிகத் தளர்ந்தது. சிலிக்கனில் எக்சித்தனைப் பிரிப்பதற்கு ஏறத்தாழ 0.015 இலத்திரன்வோல்ற்றுச் சத்தியே வேண்டும். அறையின் வெப்பமோ ஏறத்தாழ 0.025 இலத்திரன்வோல்ற்று அளவில் அணுக்களை அலைத்துக்கொண்டிருக்கின்றது. எனவே அறை வெப்பநிலையில் இணை நிலைப்பதில்லை. ஆகலின் சிலிக்கனைக் கற்று வளர்ந்த ஒரு தலைமுறை, எக்சித்தன் என்பது குளிர்ந்த படிகங்களிற் காணும் ஒரு நுணுக்கம் எனவும், நடைமுறையிலே தனித்த இலத்திரனைக் கொண்டு கணித்தலே போதும் எனவும் பழகிப்போயிற்று. பின்னாளிற் பிறந்த தடுமாற்றத்தின் வேர் இப்பழக்கமேயாகும்.

இனிக் குழாயின் மூலப்பொருளாகிய காரீயத்தை நோக்குவாம். இலங்கைக்கு இது புதியதன்று. போகல, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களின் காரீயம் தூய்மையால் உலகப் புகழ் பெற்றது. காபன் அணுக்கள் தேன்கூட்டின் அறுகோண அமைப்பில் இணைந்து ஒரு தாள் ஆகின்றன. அத்தாள்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டதே காரீயம். இதன் இயல்பை விளக்கியவருள் ஒருவர் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் 1898இற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1930களிலே கல்கத்தாவில் இருந்து அவர் காரீயப் படிகத்தின் காந்த இயல்பு திசைக்குத் திசை பெரிதும் வேறுபடுதலை ஆராய்ந்தார். 1939இல் கங்குலியுடன் சேர்ந்து, மின்கடத்தலும் தாளின் வழியே மிக எளிதாகவும் தாளுக்குக் குறுக்கே மிக அரிதாகவும் நிகழ்தலை வெளியிட்டார். காரீயத்தின் இலத்திரன்கள் தாளெனும் இரு பரிமாண உலகிலேயே வாழ்வன என்பது இவற்றாற் புலனாயிற்று. இக்கிருஷ்ணனே 1928இல் சி. வி. இராமனுடன் இணைந்து, பின்னர் இராமன் விளைவு எனப் பெயர் பெற்ற ஒளிச்சிதறலைக் கண்டவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நனோகுழாயின் விட்டத்தை அறிவதற்கு ஆய்வாளர் இன்று கையாளும் முதன்மையான வழிகளுள் இராமன் சிதறல் ஒன்று. குழாய் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும் அதிர்வின் மீடிறன் விட்டத்துக்கு நேர்மாறாக அமைதலே அதற்குக் காரணம்.

தாளைச் சுருட்டினாற் குழாயாகும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்காரர் புகையிலையை நேராகவும் சுற்றலாம், சரித்தும் சுற்றலாம். சுற்றும் சரிவுக்கேற்ப இலையின் நரம்புகள் சுருட்டின்மேல் வெவ்வேறு கோலமாய் அமையும். காபன் தாளின் கதியும் அத்தகையதே. எவ்விட்டத்தில், எச்சரிவிற் சுருட்டப்பட்டது என்பதை இரு முழு எண்களாற் குறிப்பர். 1992இல் கொள்கையாளர் பலர் ஒரு வியத்தகு முடிபை வெளியிட்டனர். அவ்விரு எண்களின் வேறுபாடு மூன்றால் வகுபடுமாயின் குழாய் உலோகம் போல ஒழுகும், வகுபடாதாயின் குறைகடத்தியாகும். ஒரே தனிமம், ஒரே பிணைப்பு. சுருட்டிய விதமே இயல்பை மாற்றுகின்றது. ஒற்றைச் சுவருடைய குழாய்கள் 1993இற் கண்டுபிடிக்கப்பட்டன. 1998இல் ஊடுபுழை நுணுக்குக்காட்டி கொண்டு தனிக் குழாய்களை ஆராய்ந்தோர் மேற்கூறிய முடிபை மெய்ப்பித்தனர்.

இம்முடிபு தனித்த இலத்திரன் கொள்கையாற் பெறப்பட்டது. அது வென்றமையால், ஒளியுறிஞ்சலுக்கும் அக்கொள்கையே நீட்டப்பட்டது. குழாயின் சத்திநிலைகள் படிப்படியாக அமைந்துள்ளன. முதற் படிகளுக்கிடையேயான தாவல் ஓர் ஒளியையும், இரண்டாம் படிகளுக்கிடையேயான தாவல் அதனினும் சத்தி கூடிய ஒளியையும் உறிஞ்சும் எனக் கணித்தனர். பரிசோதனையில் உறிஞ்சல் வரிகள் ஏறத்தாழ எதிர்பார்த்த இடங்களிலேயே தோன்றின. ஐயுறுதற்கு இடமில்லை எனப் பலர் எண்ணினர்.

எனினும் எச்சரிக்கைக் குரல்கள் எழாமலில்லை. 1959இலேயே றொட்னி லூடன் ஒரு பரிமாணமே உள்ள கற்பனை உலகில் ஐதரசன் அணு எவ்வாறிருக்கும் எனக் கணித்து, அங்கே இலத்திரனின் பிணைப்பு எல்லையின்றிப் பெருகும் எனக் காட்டியிருந்தார். நனோகுழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நனோமீற்றர், அதாவது மீற்றரின் நூறுகோடியில் ஒரு பங்கு. நீளமோ அதனினும் பல நூறு, பல்லாயிரம் மடங்கு. ஒரு பரிமாணத்துக்கு இதனினும் அண்மையான பொருள் அரிது. யப்பானிய அறிஞர் சுனேயா ஆந்தோ 1997இல், குழாயில் இலத்திரனும் துளையும் வலிதிற் பிணையும் எனக் கணித்து வெளியிட்டார்.

இதன் காரணத்தை யாழ்ப்பாணத்தார்க்கு எளிதில் விளக்கலாம். பரந்த வெளியில் எதிர்ப்படும் இருவர் விலகிச் செல்லலாம். இருபுறமும் பனையோலை வேலியடைத்த ஒடுங்கிய ஒழுங்கையில் எதிர்ப்படுவோர் ஒருவரையொருவர் முட்டாது செல்லவியலாது. குழாய் அத்தகைய ஒழுங்கை. இதனோடு பிறிதொரு காரணமும் உண்டு. திண்மப் படிகத்தில் இரு ஏற்றங்களுக்கிடையே பல அணுக்கள் நின்று அவற்றின் கவர்ச்சியை மறைக்கின்றன. குழாயிலோ மின்புலக் கோடுகளிற் பல சுவருக்கு வெளியே சென்று மீள்கின்றன; அங்கே மறைப்பதற்குப் பொருள் அதிகமில்லை. ஆகலின் கவர்ச்சி குன்றாது நிற்கின்றது.

திருப்புமுனை 2002இல் நேர்ந்தது. அதுகாறும் குழாய்கள் கற்றைகளாகவே கிடைத்தன. கற்றையில் உலோக இயல்புடைய குழாய்கள் அயலிலிருத்தலின், அருட்டப்பட்ட குழாயின் சத்தி ஒளியாகுமுன்னரே வடிந்துவிடும். ஐக்கிய அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மோலி, வைஸ்மன் ஆகியோரின் குழுவினர் சவர்க்காரத்தை ஒத்த பொருளால் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே போர்த்தி நீரில் மிதக்கவிட்டனர். உடனே குழாய்கள் கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்ப் பகுதியிற் புளோரொளிர்ந்தன. ஒவ்வொரு வகைக் குழாயும் தனக்கே உரிய ஒளியை உண்டு, தனக்கே உரிய ஒளியை உமிழ்ந்தது. அவற்றைக் கொண்டு எவ்வகைக் குழாய் எது என்று பெயரிடவும் இயன்றது.

இவ்வெற்றியினுள்ளேயே ஒரு முரண்பாடும் மறைந்திருந்தது. எளிய கொள்கையின்படி, விட்டம் பெரிதாகுந்தோறும் இரண்டாம் தாவலின் சத்திக்கும் முதல் தாவலின் சத்திக்கும் உள்ள விகிதம் 2 ஐ அணுகவேண்டும். அளந்தபோது அவ்விகிதம் 2 ஐ அணுகாது அதனிலும் குறைந்தே நின்றது. 2003இல் சார்ள்ஸ் கேன், யூஜின் மெல் ஆகியோர் இதனை விகிதச் சிக்கல் எனப் பெயரிட்டு ஆராய்ந்து, இலத்திரன்கள் ஒன்றோடொன்று இடைத்தாக்கம் புரிதலையே இதற்குக் காரணமாகக் காட்டினர். 2004இல் ஸ்ரீபன் லூயி குழுவினர், பெரெபெய்னோசு குழுவினர், சாவோவுடன் சுமித் மசூம்தார் எனப் பலர் வெவ்வேறு முறைகளாற் கணித்து அதே திசையிற் சென்றனர்.

அவர்கள் கணிப்புகளால் ஓர் உண்மை வெளிப்பட்டது. இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுதலால் சத்தி இடைவெளி எளிய கொள்கை கூறியதனினும் பெரிதாகின்றது. இலத்திரனும் துளையும் ஒன்றையொன்று கவர்தலால் உறிஞ்சும் ஒளியின் சத்தி கீழே இறங்குகின்றது. ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்து விடுகின்றன. கணக்கில் இரு பெரும் பதங்களை விட்டுவிட்டும் விடை ஏறத்தாழச் சரியாக வந்ததன் மருமம் இதுவே. முற்றாக ஈடுசெய்யப்படாது எஞ்சிய சிறு மிச்சமே விகிதச் சிக்கலாய்த் தலைகாட்டியது.

எனினும் கணிப்பு வேறு, சான்று வேறு. சான்று 2005இற் கிடைத்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வாங், டுகோவிச், புரூசு, ஹைன்ஸ் ஆகிய நால்வர், 1931இல் மரியா கெப்பேட்-மேயர் கொள்கையளவிற் கூறியிருந்த இரு-போட்டன் உறிஞ்சலைக் கருவியாகக் கொண்டனர். ஒரு போட்டனால் அடையக்கூடிய எக்சித்தன் நிலையை இரு போட்டன்கள் சேர்ந்து அடையவியலாது. அவை சமச்சீர் வேறுபட்ட, மேலான மற்றொரு நிலையையே அடையும். இலத்திரனும் துளையும் தனித்தனியானவையாயின், இரு-போட்டன் உறிஞ்சல் தொடங்கும் சத்தியும் குழாய் உமிழும் ஒளியின் சத்தியும் ஒன்றாகவே இருத்தல்வேண்டும். பிணைந்த இணையாயின் அவற்றிடையே தெளிவான இடைவெளி தோன்றும். இடைவெளி தோன்றியது. அதனைக் கொண்டு 0.8 நனோமீற்றர் விட்டமுடைய குழாய்களில் எக்சித்தனின் பிணைப்புச் சத்தி ஏறத்தாழ 0.4 இலத்திரன்வோல்ற்று எனக் கணித்தனர். அதே ஆண்டில் பேர்லினில் மவுல்ற்ஷ் முதலியோர் செய்த ஆய்வும் இதனை ஒத்த பெறுமானத்தையே தந்தது. இது அறை வெப்பத்தின் அளவினும் ஏறத்தாழப் பதினாறு மடங்கு. ஒளியுண்ட குழாயில் முதலிற் பிறப்பது தனித்த இலத்திரனன்று, பிணைந்த இணையே என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

இணையின் இருப்பு உறுதியானபின் இணைகள் தம்முள் எவ்வாறு பழகுகின்றன என்னும் வினா முன்வந்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் ஹைன்ஸ் குழுவினரும் பேர்க்லியில் கிரஹாம் பிளெமிங் குழுவினரும் மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளாற் குழாய்களை அருட்டி ஆராய்ந்தனர். ஒரே குழாயில் இரு எக்சித்தன்கள் பிறந்தால் அவை ஒழுங்கையிற் சந்திக்கின்றன. சந்திக்கும்போது ஒன்று அழிந்து தன் சத்தியை மற்றதற்கு அளிக்கின்றது. பெற்றது உயர்நிலைக்கு ஏறி, அச்சத்தியை விரைவில் வெப்பமாக இழந்து பழைய நிலைக்கே இறங்குகின்றது. இவ்வழிவு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கை ஒத்த சிறு காலத்தில் முடிந்துவிடுகின்றது. ஆகலின் ஒளியை எவ்வளவு கூட்டினும் குழாயின் உமிழ்வு ஓரெல்லைக்குமேற் கூடுவதில்லை. இதன் மறுதலையும் உண்டு. 2009இல் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் காபோர், மக்யுவன் முதலியோர் குளிர்வித்த நனோகுழாய் இருவாயியில், சத்தி மிக்க ஓர் அருட்டலினின்று ஒன்றுக்கு மேற்பட்ட இலத்திரன்-துளை இணைகள் பிறத்தலைக் கண்டனர்.

எக்சித்தன் குழாயின் நெடுக உலவுகின்றது. 2007இல் வைஸ்மன் குழுவினர் தனிக் குழாயொன்றின் ஒளி படிப்படியாகக் குறைதலைக் கண்டு, ஓர் எக்சித்தன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 90 நனோமீற்றர் நீளத்தைத் துழாவுகின்றது எனக் கணித்தனர். அந்நீளத்துள் ஒரேயொரு மூலக்கூறு குழாயின் சுவரைப் பழுதாக்கினும் அருட்டல் அங்கே அணைந்துவிடும். இதனோடு, எக்சித்தன் நிலைகளுள் மிகத் தாழ்ந்தவை ஒளி உமிழாத இருள் நிலைகளாதலும் சேர, நீரிலுள்ள குழாய்கள் உண்ட ஒளியில் நூற்றுக்கு ஒன்றை அண்மித்த பங்கையே திருப்பித் தருகின்றன. ஆயினும் பழுதெல்லாம் தீங்கன்று. 2010இல் ஓசோனாற் குழாயிற் சில ஒட்சிசன் அணுக்களைச் சேர்த்தபோதும், 2013இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வேறு மூலக்கூறுகளை அளவோடு பிணைத்தபோதும், உலவும் எக்சித்தன்கள் அவ்விடங்களிற் சிறைப்பட்டு முன்னையினும் பிரகாசமாக ஒளிர்ந்தன. 2015இல் அத்தகைய இடமொன்றிலிருந்து அறை வெப்பநிலையிலேயே ஒரு தடவைக்கு ஒரு போட்டன் வீதம் ஒளி பெறப்பட்டது. பழுதின் வகையும் அளவுமே அது அணைக்குமா ஒளிர்விக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இவையெல்லாம் எங்கோ நிகழ்ந்தவை, நமக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என எண்ணுதல் தவறாகும். நனோகுழாயில் எக்சித்தன் நிறுவப்பட்ட அதே 2005ஆம் ஆண்டிலும் அதற்கு அணித்தான ஆண்டுகளிலும், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிற் பேராசிரியரான ரவிராஜன், இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளருடன் கூடிப் பல்பகுதியமும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் சேர்ந்த கலப்புச் சூரியக்கலங்களைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். 2006இல் நாக ஒட்சைட்டு நனோகோல்களைக் கொண்ட கலங்களும் அவற்றுட் சேர்ந்தன. அக்கலங்களின் இடர்ப்பாடும் நாம் மேலே கண்டதுவே. பல்பகுதியத்தில் ஒளியாற் பிறக்கும் எக்சித்தன் தானே பிரிவதில்லை. ஏறத்தாழ 10 நனோமீற்றர் தூரமே உலவி மடியும். மடியுமுன் அது ஒட்சைட்டின் விளிம்பை அடைந்தாலன்றி மின்னோட்டம் பிறவாது. விளிம்பை அதன் வழியிலேயே நிறுத்துவதற்காகவே நனோ அமைப்புகள் வேண்டப்படுகின்றன. தனித்த இலத்திரனை நினைந்து கலம் அமைப்போன் வெயிலை வீணாக்குவான். இணையை அறிந்தவனே அதனை மின்னாக்குவான். ஆறில்லாத, வெயில் மிகுந்த நம் குடாநாட்டுக்கு இவ்வறிவின் பயனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரி முதலாக, 1875இல் வைத்தியர் கிறீனின் முயற்சியால் இரசாயனம் பற்றி வெளிவந்த 'கெமிஸ்தம்' ஊடாக, 1974இல் அதே வட்டுக்கோட்டையில் விஞ்ஞானக் கல்வியைத் தொடங்கிய நம் பல்கலைக்கழகம் வரை, மேற்றிசை அறிவியலை இம்மண்ணிற் கற்பித்து வந்த மரபு நெடியது. அம்மரபில் நின்று மேற்கூறிய வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. நமது பரீட்சை முறை விடைக்குப் புள்ளி தருகின்றது; விடை பொருந்தின் வழியும் பொருந்தியதே எனக் கொள்ளும் மனப்பாங்கை வளர்க்கின்றது. நனோகுழாயின் வரலாறு இதனை மறுக்கின்றது. இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்து நின்றபோது, எண்கள் பொருந்துகின்றன எனப் பலர் நிறைவுற்றனர். விகிதம் 2 ஆகாது ஏன் குறைகின்றது என்று, அச்சிறு மிச்சத்தைப் புறக்கணியாது கேட்டவர் சிலரே. உண்மை அச்சிலருக்கே புலனாயிற்று. ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து, கிடைத்த சில துளி ஒளியையும் வீணாக்காது கற்றோரின் வழிவந்த மாணவர்க்குச் சிறு மிச்சத்தின் அருமையை எடுத்துரைத்தல் மிகையேயாகும்.